வரவு இடாப்பில் 38 பேர்

(யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். ஆசிரியத் தொழில் பார்த்தவளிடம் மணிக்கூட்டைக் காட்டிப் பயனில்லை என்று அவருக்கும் தெரியும். பார்ப்போம்.

மேசையில் நான் வைத்திருப்பது எங்கள் ஆண்டு 11 வகுப்பின் வரவு இடாப்பு. 1990ஆம் ஆண்டுக்குரியது. ஓரங்களைக் கறையான் தின்றுவிட்டது, நடுப்பகுதி தப்பியிருக்கிறது. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று எங்கள் வகுப்பாசிரியை இதைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஆறு வீடு மாறினார். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவருடைய பையில் மாற்றுச்சேலை ஒன்றும் இந்த இடாப்பும்தான் இருந்தன. ஏன் ரீச்சர் இதைக் காவித் திரிந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மாதக் கடைசியில் கூட்டுத்தொகை போடவில்லையே" என்றார்.

ஜூன் மாதப் பக்கத்தை வடிவாகப் பாருங்கள். முதல் வாரம் எல்லாக் கட்டத்திலும் நீல மைக் கோடு. 11ஆம் திகதி, திங்கட்கிழமை, பாதிக்கு மேல் கட்டங்கள் வெறுமை. இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு எந்தக் கோடும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னர்தான் இந்திய இராணுவம் கப்பலேறியிருந்தது. இனிப் படிக்கலாம் என்று நினைத்திருந்தோம்.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. நாங்கள் பிறக்கும்போதே அது பக்கத்தில் இருந்தது. விமானம் பறந்தால் கணக்கு வாத்தியார் சோக்கட்டியை வைத்துவிட்டுச் சத்தம் அடங்கும்வரை நிற்பார். அதெல்லாம் எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. 1990இல் அந்தத் தளத்தைச் சுற்றி இராணுவ முகாம் அகன்றது. காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி என்று ஊர் ஊராக வேலிக்குள் போயின. எங்கள் பள்ளியும் உள்ளே போய்விட்டது.

சரி, அந்த 38 பேரும் எங்கே? பெயர் சொல்லமாட்டேன். சிலருக்கு விருப்பமில்லை, சிலரிடம் இனிக் கேட்க முடியாது. இடாப்பு இலக்கத்தைச் சொல்கிறேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டுக்காரரை முதலில் முடித்துவிடுகிறேன். அவர்களைப் பற்றித்தான் எல்லா மேடையிலும் பேசுகிறோம். கனடாவில் ஸ்காபரோவில் நாலுபேர், லண்டனில் மூன்றுபேர், பாரிசிலும் சுவிசிலும் ஜேர்மனியிலும் மிச்சம். ஒருவர் மருத்துவர், ஒருவர் கணக்காளர், மற்றவர்கள் உணவகச் சமையலறை, களஞ்சியம், துப்புரவு, பிறகு சொந்த வீடு. இலக்கம் 4 போன வருடம் சென்னையிலிருந்து நேரே பலாலிக்கு விமானத்தில் வந்தார். 2019இல் அது சர்வதேச விமான நிலையம் ஆன பிறகுதான் இப்படி ஒரு வழி கிடைத்தது. தரைதட்டும் நேரம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூரையைத் தேடினாராம். கூரை எங்கே இருக்கிறது! அடுத்த ஆசனத்தில் இருந்தவர் சத்தி வருகிறதோ என்று பையை எடுத்து நீட்டினாராம்.

இலக்கம் 19 பிராங்போர்ட்டில் இருக்கிறாள். அவள் சொன்ன ஒரு கதைக்காகத்தான் நான் இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்டேன். வேலைக்குப் போகும் வழியில் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் நரைத்த தலையோடு ஒரு அமெரிக்கப் பெண் நின்று, என்னை ஒரு படம் எடுத்துத் தருவாயா என்று கேட்டிருக்கிறார். அது அவர் படித்த பள்ளி. போர் முடிந்து ஜேர்மனியில் தங்கிய அமெரிக்கப் படையினரின் பிள்ளைகளுக்கென்று 1946இல் தொடங்கிய பள்ளிகளில் ஒன்று. பனிப்போர் முடிய, படை குறைய, 1995இல் அதை மூடிவிட்டார்கள். தகப்பனுக்கு இடமாற்றம் வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மாறும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஆறு முதல் ஒன்பது தடவை மாறுவது அவர்களிடையே சாதாரணமாம். நீ எந்த ஊர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாது, பள்ளியின் பெயரைத்தான் சொல்வோம் என்றாராம்.

எங்கள் பெட்டைக்கு விறைத்துப்போயிற்று. அவளும் ஐந்து பள்ளி மாறியவள். முகாமுக்குப் பக்கத்துப் பள்ளி, கூடப்படித்தவர்கள் உலகமெல்லாம் சிதறல், 1995 என்ற வருடம். எல்லாம் ஒன்றுபோலத்தான் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய பள்ளி முகாம் சுருங்கியதால் மூடியது, எங்களுடையது முகாம் பெருத்ததால். அவர்களுக்கு ஊர் எதுவென்று சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு ஒழுங்கை, படலை, கிணற்றடி வரைக்கும் சொல்லத் தெரியும், போகத்தான் விடவில்லை. இன்னொன்று, அப்படி மூடப்பட்ட பள்ளிகளின் ஆண்டு மலர்களையும் நினைவுப் பொருட்களையும் அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில், ஒரு சங்கம் சேர்த்து வைத்தது. எங்களிடம் இருப்பது கறையான் விட்ட மிச்சம்.

இனி இலக்கம் 11. மயிலிட்டிக் கடற்தொழிலாளியின் மகன். வகுப்பில் கடைசி வாங்கு, விளையாட்டுப் போட்டியில் முதலாவது ஆள். 1990இல் குடும்பத்தோடு ஓடி, உறவினர் வீடு, பிறகு தெருவோரக் கொட்டில், பிறகு மல்லாகத்துக் கோணாப்புலம் அகதி முகாம். அங்கேயே கல்யாணம், அங்கேயே மூன்று பிள்ளைகள். மழைக்கு ஓலை ஒழுகும், பிறகு தகரம் போட்டார்கள், வெயிலுக்கு உள்ளே இருக்க முடியாது. கடற்தொழிலை விட்டுக் கூலிவேலைக்குப் போனார். அடுத்த ஊர்க் கரையில் இறங்கினால் அந்தக் கரைக்காரரின் முகம் எப்படி மாறும் என்று அவரைக் கேளுங்கள்.

முகாமிலிருந்து அவர் வீட்டுக்குப் பத்துக் கிலோமீற்றர் கூட இல்லை. சைக்கிளில் ஒரு மணித்தியாலம் வேண்டாம். அந்தத் தூரத்தைக் கடக்க அவருக்கு 27 வருடம் பிடித்தது. 2017 ஜூலையில் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோது முதல் நாளே போனார். நானும் போயிருந்தேன். வீடு நின்ற இடத்தில் எருக்கலையும் விடத்தலும். கிணறு மட்டும் இருந்தது. அவர் கிணற்றுக்கட்டில் கையை வைத்துத் தடவி, தகப்பன் சீமெந்தில் ஆணியால் கீறிய வருடத்தைத் தேடினார். பாசிக்குள்ளே கிடந்தது, 1978. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவவுக்கு அந்த வளவைத் தெரியாது. முகாமில் கல்யாணம் கட்டி வந்தவ.

அவரை நாங்கள் எந்த ஒன்றுகூடலுக்கும் கூப்பிட்டதில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கனடாவில் இருப்பவரின் தொலைபேசி எண் எங்கள் சங்கத்திடம் இருந்தது, கோணாப்புலத்தில் இருந்தவருடையது இல்லை. ஆண்டு மலருக்குப் படமும் கட்டுரையும் யாரிடம் கேட்டோம், யாரிடம் கேட்கவில்லை என்று பாருங்கள். நான் மலர்க்குழுவில் இருந்தவள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டுபேர் இயக்கத்துக்குப் போனார்கள். ஒருவர் திரும்பிவரவில்லை. மற்றவர் வந்தார், இப்போது முச்சக்கரவண்டி ஓடுகிறார். இலக்கம் 30 கிளாலிக் கடலைப் படகில் கடக்கும்போது இறந்துபோனவள். கொழும்பில் கடவுச்சீட்டு எடுக்கத்தான் வெளிக்கிட்டவள். எங்களுக்குக் கணக்கில் விளங்காததையெல்லாம் இடைவேளையில் அவள்தான் சொல்லித்தருவாள். 2009இல் வன்னியில் இன்னும் இரண்டுபேர். இதற்கு மேல் என்னால் இங்கே நின்று பேசமுடியாது.

என் கதை சின்னது. இடம்பெயர்ந்த பள்ளிக்கு இன்னொரு பள்ளி பின்னேரத்தில் இடம் கொடுத்தது. காலையில் அவர்களுடைய பிள்ளைகள், மதியத்துக்குப் பிறகு நாங்கள். மேசைக்குள் மறந்துபோன பென்சிலை எடுத்தோம் என்று ஒருமுறை எங்களை வரிசையில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார்கள். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, ஓ.எல். பரீட்சை எடுத்து, ரீச்சராகி, இப்போது ஓய்வு.

போன மாதம் வகுப்பாசிரியையிடம் இடாப்பைக் கொண்டுபோய், இவ்வளவு பேரையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒவ்வொருவராகச் சொன்னேன். கண் தெரிவது குறைவு, காதால் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடிக்க, "நாலு குறையுது" என்றார். சரிதான், நாலு. 8, 15, 26, 33. இதில் 26, தையிட்டிப் பக்கம், தகப்பன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், ஒரு தம்பி, வீட்டு முற்றத்தில் பெரிய விலாட் மாமரம். 1991இல் மன்னாருக்குப் போனதாக ஒருவர் சொன்னார், இந்தியாவுக்குப் படகேறியதாக இன்னொருவர்.

இந்த மண்டபத்தில் தையிட்டி ஆட்கள் இருக்கிறீர்கள். தேநீர் நேரத்தில் நான் சைக்கிள் நிறுத்தும் இடத்தடியில் நிற்பேன். இடாப்பும் என்னோடு இருக்கும்.