பொம்மைக்காக உறுமும் நாயைத் திட்டாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ரெண்டு நாய், பொம்மையைக் கீழே போட்டாலே சண்டை என்று தவிப்பவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் இதைப் பாருங்கள். இவன் ராக்கி. முன்னங்கால்களுக்கு நடுவே ரப்பர் பந்து. இதோ, வாசல் பக்கமிருந்து மணி வருகிறாள். இப்போது ராக்கியின் வாலை விட்டுவிட்டு வாயைக் கவனியுங்கள். பந்தைக் கடித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான். தலை பந்தின் மேல் தாழ்ந்துவிட்டது, உடம்பு விறைத்துவிட்டது. தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கிறான், கண்ணின் வெள்ளை தெரிகிறது பாருங்கள். சண்டை இங்கேயே ஆரம்பித்துவிட்டது. உறுமல் எல்லாம் அப்புறம்தான்.

அந்த உறுமலுக்குத் தயவுசெய்து திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். "கிட்டே வராதே" என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, நமக்கு நல்லதுதானே? திட்டு வாங்கிப் பழகிய நாய் உறுமுவதை விட்டுவிடலாம். ஆனால் பொம்மை போய்விடுமே என்ற பயம் போகாது. அப்புறம் ஒருநாள் சத்தமே இல்லாமல் கடித்துவிடும்.

"யார் தலைவன் என்று அதுகளே தீர்த்துக்கொள்ளட்டும்" என்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1940களில் வந்த எண்ணம் அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள்தான். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் இதை 1999லேயே விளக்கி எழுதிவிட்டார்.

சரி, என்ன செய்யலாம்? இன்றைக்கே தரையில் கிடக்கும் பொம்மைகளை எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். நிறைய வாங்கிப் போட்டால் சண்டை வராது என்று நினைக்காதீர்கள், அடுத்தவன் வாயில் இருப்பதுதான் எப்போதும் வேண்டும். வெகுநேரம் கடிக்கிற சாமான்களை ஆளுக்கொரு அறையில், கதவை மூடிக் கொடுங்கள்.

அப்புறம்தான் பயிற்சி. உதவிக்கு இன்னொருவர் வேண்டும். ரெண்டுக்கும் கயிறு கட்டாயம். ராக்கிக்கு அவ்வளவாகப் பிடிக்காத பொம்மை ஒன்றைக் கொடுத்துவிட்டு, மணியை அறையின் அந்தக் கோடியில் காட்டச் சொல்லுங்கள். ராக்கி அவளைப் பார்த்த உடனே அவனுக்கு உயிரான தின்பண்டத்தைக் கொடுங்கள். அவள் போனதும் தின்பண்டமும் நின்றுவிட வேண்டும். முதலில் மணி, அடுத்துதான் தின்பண்டம். மாற்றிச் செய்தால் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், மணி வருவது நல்லது என்று அவனுக்கு உறைக்காது. கொஞ்ச நாளில் மணியைக் கண்டதும் பந்தை விட்டுத் தலையைத் தூக்கி, "எங்கே என் பங்கு?" என்று உங்கள் முகத்தைப் பார்ப்பான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அந்தப் பார்வை வந்த பிறகு மணியை ஓரடி நெருங்கி வரச் செய்யுங்கள். ராக்கி விறைத்தால் அவளைப் பின்னால் கொண்டுபோய்விடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும்.

மணிக்கும் வேலை இருக்கிறது, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பி வர வேண்டும், வந்தால் அவளுக்கும் பரிசு. "விடு" என்ற சொல்லை ரெண்டுக்கும் தனித்தனியாகப் பழக்குங்கள். அதைவிட நல்லதைக் கொடுத்துப் பொம்மையை வாங்குங்கள், வாங்கியதைத் திருப்பியும் கொடுங்கள். திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் இறுக்கிப் பிடிக்காது.

ஒருவேளை சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள், கழுத்துப்பட்டையையும் பிடிக்காதீர்கள். தட்டைத் தட்டிப் பெரிய சத்தம் எழுப்புங்கள், இல்லையென்றால் ஒரு நாற்காலியை நடுவே தள்ளுங்கள். பிரிந்ததும் தனித்தனி அறை. பல் பட்ட ஓட்டை வெளியே சின்னதாக இருந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நேற்றுவரை ஒற்றுமையாக இருந்த நாய் திடீரென்று மாறினாலும் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பல்வலியோ மூட்டுவலியோ இருக்கலாம். ரத்தம் வரும் அளவுக்குச் சண்டை போகிறது, அல்லது வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்றால் இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.