கடி விழுந்த பிறகு

வணக்கம். அமெரிக்கப் போலீஸ் நாய்கள் பலவற்றுக்குக் கடித்துப் பிடித்துக்கொள்ளப் பயிற்சி தருகிறார்கள். தேடப்படுகிறவரின் கையையோ காலையோ வாய் நிறையக் கவ்வி, விடச் சொல்லும்வரை விடக் கூடாது. கடிபட்டவர் வலியில் உதறுவார், நாயைத் தள்ளுவார். யார் உடம்பும் அப்படித்தான் செய்யும். உதற உதறப் பிடி இறுகும். கட்டளைக்கும் விடாத நாயைச் சில நேரம் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துத்தான் பிரிக்க வேண்டும். கடி விழுந்த பிறகு எதுவும் அதிகாரியின் கையில் முழுசாக இல்லை. அதனால்தான் நாயை அவிழ்த்துவிடும் முன்பே வரம்பு வேண்டும் என்கிறேன்.

மிசௌரி மாநிலத்து ஃபெர்குசன் நகரப் போலீஸ் பற்றி அமெரிக்க நீதித் துறை 2015 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, அங்கே போலீஸ் நாய் கடித்து, கடிபட்டவரின் இனம் தெரிந்த ஒவ்வொரு சம்பவத்திலும் அவர் கறுப்பினத்தவர். ஒன்றுகூட விலக்கில்லை. அவர்களில் 14 வயதுப் பையன் ஒருவன். பள்ளிக்குப் போகாமல், காலியாகக் கிடந்த வீட்டின் கீழ்த்தளத்தில் நண்பர்களுக்காகக் காத்திருந்தவன். கையில் ஆயுதம் இல்லை. எச்சரிக்கை எதுவும் தன் காதில் விழவில்லை என்றான். அந்தப் பையன் மீது நாயை ஏவ என்ன அவசியம்?

2020 ஏப்ரலில் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில் ஒரு கறுப்பினத்தவர் மண்டியிட்டு, கையைத் தூக்கியபடி இருக்கிறார். அதிகாரி நாயைக் கடிக்க ஏவுகிறார், கடிக்கும்போதே 'நல்ல பையன்' என்று அதைப் பாராட்டுகிறார். எல்லாம் அதிகாரியின் உடல் கேமராவில் பதிவாகியிருந்தது. ஆனால் ஆகஸ்டில் பத்திரிகை வெளியிட்ட பிறகுதான் ஊர் அதைப் பார்த்தது. அதன் பிறகே ஆட்களைப் பிடிக்க நாயை ஏவுவதை நகரம் நிறுத்திவைத்தது. நடுவில் போன மாதங்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெடிகுண்டு மோப்பம், காணாமல்போன குழந்தையைத் தேடுவது இவற்றுக்கு நாய் வேண்டும், சரி. ஆளைக் கண்டதும் கடிக்காமல் குரைத்து நிறுத்தும் பயிற்சியும் இருக்கிறது. கடிக்கும் நாயைத் துப்பாக்கிக்குச் சமமாகவே எண்ண வேண்டும். உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய ஏவக் கூடாது, சிறுவர்கள் மீது கூடவே கூடாது. ஒவ்வொரு கடிக்கும் யாரைக் கடித்தது, என்ன குற்றத்துக்காகத் தேடினார்கள், முன்னதாக எச்சரித்தார்களா, எத்தனை நொடி பிடித்திருந்தது, என்ன சிகிச்சை தேவைப்பட்டது என்ற விவரங்களைக் கேமராப் பதிவோடு சேர்த்துப் போலீஸ் தானே முன்வந்து வெளியிட வேண்டும். கடிபட்டவர் வக்கீல் வைத்துக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.