ஐஸ்கிரீம் தின்னும் குழந்தை

படத்தைப் போடுவதற்கு முன் கால் மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படமே இரண்டு மணி நேரம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் இங்கே இருப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2003 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் அதிகாரிகளுக்காக ஒரு படம் போட்டார்கள். பாக்தாத் வீழ்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எட்டு நாள் முன்புதான் அங்கே ஐ.நா. அலுவலகத்தில் லாரி குண்டு வெடித்து 22 பேர் செத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் தேடிப் பிடித்துப் பார்த்தது, இத்தாலிய இடதுசாரி ஒருவர் 1966-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கில்லோ பொன்டெகோர்வோவின் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்'. பயங்கரவாதத்தோடு மோதி ஜெயித்துவிட்டு, மக்கள் மனதில் எப்படித் தோற்றுப்போவது என்பதுதான் அன்றைய அழைப்பின் சாரம். அதே படத்தைத்தான் நாம் இன்று பார்க்கப்போகிறோம்.

கதைச் சூழலை மட்டும் சொல்லிவிடுகிறேன். அல்ஜீரியா 1830 முதல் பிரான்சின் பிடியில் இருந்தது. 1954-இல் தேசிய விடுதலை முன்னணி ஆயுதம் எடுத்தது. 1957 ஜனவரியில் தளபதி மசூவின் பாராசூட் படை அல்ஜியர்ஸ் நகரத்துக்குள் இறங்கியது. கஸ்பா என்கிற பழைய நகரின் சந்துபொந்துகளில் ஒளிந்திருந்த இயக்கத்தை அந்த வருடமே வேரோடு பிடுங்கிவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 1962-இல், அல்ஜீரியா சுதந்திர நாடாகிவிட்டது. பென்டகன்காரர்களைக் குடைந்தது இந்த இரண்டாவது பாதிதான்.

படத்தில் ஜாஃபர் என்று ஒரு இயக்கத் தலைவர் வருகிறார். நடித்திருப்பவர் யாசெஃப் சாதி. நிஜத்தில் கஸ்பாவின் குண்டு வலைப்பின்னலை நடத்தியவரே அவர்தான். பிடிபட்டார், மரண தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு மன்னிப்புக் கிடைத்தது. சிறையில் எழுதிய நினைவுக் குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தானே தயாரிப்பாளராகி, தன் சாயலில் ஒரு வேடமும் போட்டுக்கொண்டார். எதிரில் பிரெஞ்சுப் படையின் கர்னல் மாத்தியூவாக வரும் ஜான் மார்த்தான் மட்டுமே முக்கியப் பாத்திரங்களில் தொழில்முறை நடிகர். அவரோ அல்ஜீரியப் போரை எதிர்த்து 1960-இல் வெளியான 121 பேர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். போரை எதிர்த்தவருக்குப் படைத்தளபதி வேஷம்! ஆனால் அவர் நடையில் ஒரு துளிகூட வில்லத்தனம் கிடையாது. கறுப்புக் கண்ணாடி, நேரான முதுகு, தெளிவான பேச்சு. பிரான்ஸ் இங்கே இருக்க வேண்டுமென்றால் அதன் விளைவுகளையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிருபர்களிடம் சொல்கிறார். பதில் சொல்ல முடியாமல் நாமும் அந்த நிருபர்களோடு உட்கார்ந்திருப்போம்.

சரி, நான் சொல்ல வந்தது ஒரே ஒரு காட்சியைப் பற்றி.

மூன்று பெண்கள் கண்ணாடி முன் நிற்கிறார்கள். முக்காட்டைக் களைகிறார்கள், கூந்தலை வெட்டுகிறார்கள், சாயம் பூசுகிறார்கள். ஐரோப்பியப் பெண்களைப் போல மாற வேண்டும். பேச்சு அநேகமாக இல்லை, மேளச் சத்தம் மட்டும். கூடைகளில் குண்டுகள். சோதனைச் சாவடியில் சிப்பாய் அவர்களில் ஒருத்தியைப் பார்த்துப் பல்லிளிக்கிறான், விட்டுவிடுகிறான். அவள் ஒரு காபிக் கடைக்குள் போகிறாள். கூட்டம். கூடையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு உட்கார்கிறாள். அப்புறம் சுற்றிப் பார்க்கிறாள்.

கேமராவும் அவளோடு சேர்ந்து பார்க்கிறது. சிரித்துக்கொண்டிருப்பவர்கள், அரட்டை அடிப்பவர்கள், ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குழந்தை. இன்னும் சில நிமிடங்களில் இவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அவள் எழுந்து போகிறாள். இத்தனைக்கும், இதற்குச் சற்று முன்புதான் காவல்துறை ஆளே ஊரடங்கு நேரத்தில் கஸ்பாவுக்குள் போய் வைத்த குண்டில் ஏழைகளின் வீடுகள் இடிந்ததையும், இடிபாட்டுக்குள்ளிருந்து குழந்தைகளைத் தூக்கி வந்ததையும் பார்த்திருக்கிறோம். நம் மனம் அந்தப் பெண்களின் பக்கம்தான் சாய்ந்திருக்கும். இயக்குனர் அங்கே கையைப் பிடித்து இழுக்கிறார். இரண்டு இடத்துப் பிணங்களுக்கும் ஒரே இசையைப் போட்டிருக்கிறார், கவனியுங்கள். இசை என்னியோ மொரிக்கோனேயும் பொன்டெகோர்வோவும் சேர்ந்து அமைத்தது.

சித்திரவதையும் இப்படித்தான். படம் தொடங்கும்போதே அந்த வேலை முடிந்திருக்கிறது. மேல்சட்டை இல்லாமல் ஒருவன் நடுங்கிக்கொண்டிருக்கிறான், தகவலைச் சொல்லிவிட்டான். சிப்பாய்கள் அவனுக்குக் காபி கொடுக்கிறார்கள், பிரெஞ்சு சீருடையை மாட்டிவிட்டுத் தொப்பியையும் வைக்கிறார்கள். அந்த முகத்தை விட்டு கேமரா நகர்வதில்லை. சித்திரவதையால் தகவல் கிடைக்காது என்று படம் வாதாடவே இல்லை. கிடைத்தது, ஆனால் வாங்கியவன் ஆளையும் உடைத்துத்தான் வாங்கினான் என்று காட்டுகிறது.

இதோடு 2012-இல் வந்த 'ஜீரோ டார்க் தர்ட்டி'யை வைத்துப் பாருங்கள். பின்லேடன் வேட்டை. தொழில்நுட்பத்தில் குறையே சொல்ல முடியாது, இயக்குனர் கேத்ரின் பிகலோ கெட்டிக்காரர். ஆனால் தொடக்கம் இப்படி: இருண்ட திரை, செப்டம்பர் 11 அன்று உதவி கேட்டு அழைத்தவர்களின் நிஜக் குரல்கள். அடுத்த காட்சி, நேரே சித்திரவதைக் கொட்டகை. அந்தக் குரல்களை இந்த அடிக்கு அனுமதிச் சீட்டாக ஆக்கிவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. காட்டுவதால் ஆதரிப்பதாகிவிடாது என்றார் பிகலோ. ஜான் மெக்கெயின் உட்பட மூன்று அமெரிக்க செனட்டர்கள் படம் தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது என்று கடிதம் எழுதினார்கள். மெக்கெயின் வியட்நாமில் சித்திரவதை அனுபவித்தவர்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 1998-இல் சந்தோஷ் சிவன் தமிழில் எடுத்த 'தி டெரரிஸ்ட்'. மனித வெடிகுண்டாகப் போகும் மல்லியின் முகத்துக்குள்ளேயே கேமரா குடியிருக்கிறது. வியர்வை, மூச்சு, கண். எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனாலும் அவள் கொல்லப்போகும் மனிதரையோ, மாலை போட வரிசையில் நிற்கப்போகிறவர்களையோ நாம் அறிந்துகொள்வதே இல்லை. பொன்டெகோர்வோ அந்தக் காபிக் கடையில் செலவழித்த நேரம் அங்கே இல்லை.

அதற்காக இன்றைய படத்தைக் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை. ஜெயித்தவர் தயாரித்த படம் இது. 1957 மே மாதம் மெலூஸா கிராமத்தில், போட்டி இயக்கத்தை ஆதரித்தார்கள் என்று சுமார் 300 அல்ஜீரியர்களை விடுதலை முன்னணியே கொன்றது. அது படத்தில் இல்லை. கதை அல்ஜியர்ஸ் நகரத்தில் நடக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பிரான்சோ வேறு வகையில் மௌனம் காத்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய படத்தைச் சில வருடம் உள்ளே விடவில்லை. படத்தில் நிருபர்களுக்குக் கூர்மையாகப் பதில் சொல்லும் விடுதலை முன்னணித் தலைவர் பென் மிஹிதி காவலில் தற்கொலை செய்துகொண்டார் என்று அப்போது அறிவித்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தினரே அவரைக் கொன்றார்கள் என்று அந்நாட்டு அதிபர் வாயால் வர 2024 ஆயிற்று.

கடைசியாக ஒன்று. இது பழைய செய்திப்படத் துண்டுகளை ஒட்டி எடுத்தது போலத் தெரியும். இல்லை. ஒரு அடி செய்திப்படம்கூட இதில் சேர்க்கப்படவில்லை, எல்லாமே நடித்து எடுத்தது. அந்தக் காபிக் கடைக் காட்சி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். டீ குடிக்க எழுந்து போகிறவர்கள் அதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுங்கள். தம்பி, விளக்கை அணைக்கலாம்.