சிரிப்பொலியை நிறுத்திவிட்டு 'மாஷ்' பார்ப்போம்

அவையோருக்கு வணக்கம்.

பிடித்த சீரியலை இருபது வருடம் கழித்து மறுபடி பார்த்தவர்கள், "சீரியல் அப்படியேதான் இருக்கு, நாமதான் மாறிட்டோம்" என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. பல சமயம் நம் கைக்கு வந்து சேர்ந்த பிரதியே மாறியிருக்கும். அதை முதலில் சரிபார்த்தால்தான், நம் பார்வையில் என்ன மாறியது என்பது பிடிபடும். இதற்கு 'மாஷ்' சீரியல் போல நல்ல உதாரணம் வேறில்லை.

1972 முதல் 1983 வரை, 11 சீசன், 251 எபிசோட். அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் வந்தது. கொரியப் போரின்போது போர்முனைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு இயங்கும் ஒரு ராணுவ மருத்துவமனைதான் கதைக்களம். மூன்றாண்டுப் போரைப் பற்றிய சீரியல் பதினோரு ஆண்டு ஓடியது.

இதைப் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுக்கவில்லை. சினிமா எடுப்பது போல ஒற்றைக் கேமராவில், பிலிமில் எடுத்தார்கள். நாம் கேட்கும் சிரிப்பு பிறகு ஒட்டியது. அரைமணி நேர நகைச்சுவை என்றால் சிரிப்பொலி இருந்தே ஆக வேண்டும் என்று சேனல் பிடிவாதமாக நின்றது. தயாரிப்புத் தரப்பு போராடி வாங்கிய சலுகை ஒன்றே ஒன்று: ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் சிரிப்பு வரக்கூடாது. பிரிட்டனில் பிபிசி ஒளிபரப்பியபோது சிரிப்பே இல்லாமல் போட்டது. ஒரே சீரியலை இரண்டு நாட்டார் இரண்டு விதமாகப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள்.

டிவிடி வைத்திருப்பவர்கள் ஆடியோ மெனுவுக்குப் போனால், சிரிப்பொலி இல்லாத தடம் தனியாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கதாநாயகனான டாக்டர் ஹாக்ஐயும் சக டாக்டர் டிராப்பரும் தங்கும் கூடாரக் காட்சி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். சோதிக்க ஆபரேஷன் காட்சியை எடுக்காதீர்கள். அங்கே எந்தத் தடத்திலும் சிரிப்பு இருக்காது, ஏமாந்துவிடுவோம்.

படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இது பழைய டிவியின் 4:3 அளவில் எடுத்தது. டிவியின் 'ஜூம்' போட்டு இன்றைய அகலமான 16:9 திரையை நிரப்பினால் மேலும் கீழுமாகப் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடும். ஆபரேஷன் மேஜையில் கைகள் இருப்பதே அந்தக் கீழ்ப்பகுதியில்தான். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தில் அது தானாக இடைப் பிரேம்களைச் செருகி, பிலிமை வீடியோ மாதிரி ஆக்கிவிடும். ஐரோப்பாவின் 'பால்' (PAL) டிவி முறைக்கான டிஸ்க் என்றால் நொடிக்கு 25 பிரேம் ஓடும். 25 நிமிட எபிசோட் 24 நிமிடத்தில் முடியும். குரலும் கொஞ்சம் உயர்ந்து கேட்கலாம்.

இவ்வளவும் செய்தபிறகு ஹாக்ஐயைப் பாருங்கள். சிரிப்பொலி நமக்கு வழிகாட்டிக்கொண்டே இருந்தது: கூடாரத்தில் சிரிக்கலாம், தியேட்டரில் கூடாது. அது போனதும் அந்த எல்லைக்கோடும் போய்விடுகிறது. இரண்டு இடத்திலும் மனிதர் ஒரே வேகத்தில், மூச்சுவிடாமல் ஜோக் அடிக்கிறார் என்பது அப்போதுதான் காதில் விழுகிறது. அவரே சிரிக்காத ஜோக்குகள் எத்தனை! கடைசி எபிசோடில் இவர் மனநல மருத்துவமனையில் இருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு முதல் சீசனுக்குத் திரும்பினால், ஒவ்வொரு ஜோக்கும் பைத்தியம் பிடிக்காமலிருக்க ஒருவர் எடுத்துக்கொள்ளும் மருந்தாகத்தான் தெரிகிறது.

மார்கரெட் விஷயத்திலும் மனம் கொஞ்சம் குறுகுறுக்கும். ஆரம்ப சீசன்களில் தலைமை நர்ஸான அவரைப் பட்டப்பெயர் வைத்து எல்லோரும் கேலி செய்கிறார்கள், சிரிப்பொலியும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஒலியை எடுத்துவிட்டால் ஒரு பெண்ணைச் சுற்றி நின்று சீண்டுவதுதான் மிச்சம். ஐந்தாவது சீசனில் 'தி நர்சஸ்' என்ற எபிசோட். தன் கீழ் வேலை செய்யும் நர்ஸ்களிடம் அவர் உடைந்து பேசுகிறார்: ஒரு நாளாவது ஒரு வாய் காபி குடிக்க என்னைக் கூப்பிட்டீர்களா என்று. முதல் முறை பார்த்தவர்கள் பலர் அதைச் சாதாரணமாகக் கடந்துபோயிருப்பார்கள். மறுமுறை கடக்க முடியாது.

மறுபடி பார்க்க நேரம் குறைவு என்பவர்கள் 251-ஐயும் பார்க்க வேண்டாம். முதல் சீசனின் 17-வது எபிசோடை எடுங்கள். ஹாக்ஐயின் நண்பன் மேஜையிலேயே இறக்கிறான். தலைமை மருத்துவர் ஹென்றி பிளேக் ஆறுதலாகச் சொல்வது இதுதான்: போரில் இளைஞர்கள் சாவார்கள் என்பது முதல் விதி, அதை டாக்டர்களால் மாற்ற முடியாது என்பது இரண்டாவது விதி. உடனே மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடான 'அபிசீனியா, ஹென்றி'க்குப் போங்கள். 1975 மார்ச்சில் ஒளிபரப்பானது. அதே பிளேக் ராணுவப் பணியிலிருந்து விடுதலை பெற்று ஊருக்குப் புறப்படுகிறார். கடைசிக் காட்சியின் தாளை மட்டும், மற்றதெல்லாம் எடுத்து முடியும்வரை நடிகர்களிடம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். முகாமின் எழுத்தர் ரேடார் ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து, பிளேக்கின் விமானம் ஜப்பான் கடல்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று படிக்கிறார். யாரும் வேலையை நிறுத்தவில்லை. அந்த நிசப்தத்தில் யார் கையிலிருந்தோ ஒரு கருவி நழுவிக் கீழே விழும் சத்தம். அது திட்டமிட்டு வைத்ததல்ல. எடுக்கும்போது தானாக விழுந்ததை அப்படியே விட்டுவைத்தார்கள். ஒலியை நன்றாகக் கூட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள்.