ராத்திரி டூட்டிக்கு யார் காசு?

வணக்கம். நான் அதிகாரியும் இல்லை, பொருளாதாரம் படித்தவனும் இல்லை. பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்தின் சரக்கு முனையத்தில் ஷிப்பிங் பில்லும் (ஏற்றுமதிக்காகக் கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவம்) கையுமாக அலைகிற, பிறர் சரக்குக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்ட். ஆபீஸ் நேரம் தாண்டி வேலை பார்க்கிற கஸ்டம்ஸ் அதிகாரிக்கு ஆகும் செலவை யார் தருவது என்பதுதான் நான் பேச வந்தது.

2010 பிப்ரவரி, காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜா வெளிநாடு போகிற சமயம். மதியமே பண்ணையை விட்டுக் கிளம்பிய வண்டி அத்திப்பள்ளியில் கொஞ்சம், சில்க் போர்டில் ரொம்ப நேரம் என்று நின்று நின்று வந்து சேரும்போது இருட்டிவிட்டது. அப்போதெல்லாம் ஆபீஸ் நேரம் முடிந்தபிறகு கஸ்டம்ஸ் அதிகாரி வந்து பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால், முன்கூட்டியே எழுதிக்கொடுத்து ஓவர்டைம் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். எம்.ஓ.டி. (மெர்ச்சன்ட் ஓவர்டைம்) என்போம். வண்டி நாலு மணிக்கே வந்துவிடும் என்று நம்பி நான் கட்டவில்லை. என் தப்புதான். ஃபிளைட் போய்விட்டது. மறுநாள் பெட்டியைத் திறந்தால், மொட்டாக வைத்த பூ பாதி விரிந்து, ஓரத்து இதழ் கறுத்து, அட்டையின் அடிப்பக்கம் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டுக்குத் திருப்பிவிட்டோம், கிடைத்த விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2012 செப்டம்பரில் பெங்களூர், சென்னை, டெல்லி, மும்பை விமானச் சரக்குப் பிரிவுகளில் இருபத்துநாலு மணி நேர கஸ்டம்ஸ் ஆரம்பித்தது, முதலில் சில வகைச் சரக்குக்கு மட்டும். இப்போது அப்படி நடக்கிற இடங்களில் எம்.ஓ.டி.யே கிடையாது.

சரி, கூடுதல் ஆள் போட்டால் சம்பளம் யார் தருவது? சரக்கை வைத்துக் காக்கிற நிறுவனத்தைக் கஸ்டோடியன் என்பார்கள். அங்கே போடப்படும் அதிகாரிகளின் செலவை, விலக்கு வாங்கியவர்கள் தவிர, கஸ்டோடியனே ஏற்க வேண்டும் என்று கஸ்டம்ஸின் 2009 விதிகள் சொல்கின்றன. கணக்கு, அந்தப் பதவிக்கு ஆகும் சராசரிச் செலவில் 185 சதவீதம். அதாவது ஒருவரைக் கேட்டால் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசு.

அமெரிக்காவிலும் இப்படிக் கூடுதல் கஸ்டம்ஸ் வேலைக்கு வெளியார் காசு கட்டும் முறையை 2013-ல் ஐந்து பேரோடு சோதனையாகத் தொடங்கினார்கள்: டல்லாஸ் ஃபோர்ட் வொர்த், ஹூஸ்டன், மயாமி விமான நிலையக்காரர்கள், மெக்சிகோ எல்லையில் எல் பாசோ நகரம், தெற்கு டெக்சாஸ் கூட்டமைப்பு ஒன்று. ஃபிளைட் தாமதமா, பாலத்தில் லாரி வரிசை நீள்கிறதா, கூடுதல் நேரம் கேட்டு ஓவர்டைமை அவர்களே கட்டலாம். 2016-ல் அது நிலையான சட்டமாகவே ஆகிவிட்டது. கஸ்டம்ஸுக்குக் கட்டிடம், கருவி கொடுக்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு.

காசு கொடுத்தவன் பெட்டியை அதிகாரி கறாராகப் பார்ப்பாரா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் எனக்கு அதில் பெரிய பயமில்லை. எந்தப் பெட்டியைத் திறப்பது என்று பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான் பொறுக்கிக் கொடுக்கிறது, அதற்கு யார் காசு கட்டினார் என்று தெரியாது. (சில சமயம் என் பெட்டியை மட்டும் குறிவைக்கிறதோ என்று தோன்றும், அது வேறு.)

எனக்கு உறுத்துவது பில். கஸ்டோடியன் கட்டுவதைத் தன் பையிலிருந்து கட்டுவார் என்று நினைத்தால் நாம்தான் ஏமாளி. அது முனையக் கட்டணத்தில் எங்கோ கலந்து என்னிடம் வருகிறது, நான் அதைப் பத்துப் பெட்டி அனுப்புகிற ஓசூர்க்காரர் தலையில் வைக்கிறேன். பெரிய ஏற்றுமதியாளர் பேசிக் குறைத்துக்கொள்வார். இவர் யாரிடம் பேசுவார்? ஒப்பந்தம் போடும்போது இவரை யாரும் கூப்பிடுவதில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அதிகாரிக்காக வாங்குகிற தொகையைப் பில்லில் தனி வரியாக அச்சடியுங்கள். போன வாரம்கூட ஒரு பண்ணைக்காரர் போனில், "அண்ணே, இந்த ஹேண்ட்லிங் சார்ஜ்ல என்னென்ன இருக்கு?" என்று கேட்டார். இத்தனை வருடமாக இந்த வேலையில் இருந்தும், விசாரித்துச் சொல்கிறேன் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.