டாக்டரல் செமினார்ல 97 சதவீதம்னு சொன்னா போதுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி தேவகோட்டையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பிஎச்டி பண்றாங்க. சுகர் உள்ளவங்களோட விழித்திரைப் படத்தைப் பார்த்து பாதிப்பைக் கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் மாடல். "அண்ணே, 97 சதவீதம் அக்யூரசி வருது. காரைக்குடியில ஒத்திகையா பேசுனப்போ ஒரு கண் டாக்டரம்மா, 'சரி, இதை வச்சு நான் என்ன பண்றது?'ன்னு கேட்டுட்டாங்க. பதில் சொல்லத் தெரியலை. அடுத்த மாசம் கமிட்டி முன்னாடி செமினார். என்ன சொல்லட்டும்?"

டாக்டரம்மா உங்களை மடக்கக் கேக்கலம்மா. நோய் இருக்கிறவங்கள்ல எத்தனை பேரை உங்க மாடல் 'ஒண்ணுமில்ல'ன்னு வீட்டுக்கு அனுப்பும்னு அவங்களுக்குத் தெரியணும். அக்யூரசிங்கிறது மொத்தப் படத்துல எத்தனைக்குச் சரியாச் சொல்லுச்சுங்கிறது மட்டுந்தான். அந்த 97ஐப் பார்த்தா அது தெரியாது.

எந்தப் படங்களை வச்சுப் பழக்குனீங்கன்னு நீங்க எழுதலை. நெறைய பேர் எடுக்கிறது 2015ல காகிள்ங்கிற வெப்சைட்ல நடந்த போட்டிக்கு வந்த ஐபேக்ஸ் (EyePACS) விழித்திரைப் படத் தொகுப்பு. அதுல டிரெயினிங்குக்கு 35,126 படம். அதுல 25,810 பாதிப்பே இல்லாத கண்ணு. எதையுமே பார்க்காம எல்லாருக்கும் 'நல்லாருக்கு'ன்னு சொல்ற மாடலுக்கே 73 சதவீதம் கிடைச்சிடும், ஒரு நோயாளியைக்கூடக் கண்டுபிடிக்காம! நம்ம பக்கம் பேரேடு எழுதுறவங்க பற்றையும் வரவையும் ஒண்ணாக் கூட்டி ஒரு தொகை காட்டுவாங்களா? அப்படித்தான் இதுவும். நோய் இருக்கிறவங்கள்ல எத்தனை பேரைப் பிடிக்குதுங்கிற சென்சிடிவிட்டி தனியா, இல்லாதவங்கள்ல எத்தனை பேரை 'இல்ல'ன்னு சரியாச் சொல்லுதுங்கிற ஸ்பெசிபிசிட்டி தனியா காட்டுங்க.

கணக்குக்காக, 1,000 பேர்ல 100 பேருக்குப் பாதிப்புன்னு வைங்க. ரெண்டும் 90 சதவீதம்னா, 90 பேரைப் பிடிக்கும், 10 பேரை விட்ரும். நல்லா இருக்கிற 900 பேர்லயும் 90 பேருக்கு 'பாதிப்பு'ன்னு சொல்லிடும். ஆக, 'பாதிப்பு'ன்னு சொன்னதைக் கேட்டு மதுரைக்குப் பெரிய டாக்டரைப் பார்க்க பஸ் ஏறிப் போறவங்கள்ல பாதிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. டாக்டரம்மாவுக்குத் தேவை இந்தக் கணக்குத்தான்.

இன்னொண்ணு, இதைக் கட்டாயம் பாருங்க. அந்தத் தொகுப்புல ஒரே ஆளோட இடது கண்ணும் வலது கண்ணும் இருக்கு. படத்தைக் கலைச்சுப் போட்டுப் பிரிச்சிருந்தீங்கன்னா, ஒருத்தரோட ஒரு கண்ணு டிரெயினிங்ல, மறு கண்ணு டெஸ்ட்ல விழுந்திருக்கும். ஏற்கனவே பார்த்த ஆளையே மாடல் மறுபடி பார்க்கிறதால நம்பர் பொய்யா ஏறியிருக்கலாம். ஆள்வாரியா பிரிச்சு மறுபடி ஓட்டுங்க. நம்பர் இறங்கினா இறங்கட்டும், அதுதான் உங்க உண்மையான நம்பர்.

இப்ப நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு முகாம். பெரிய வீட்டு முகப்புல விழித்திரையைப் படம் எடுக்கிற கேமராவை வச்சிருந்தோம். வளவுல, அதான் நடு முற்றத்துப் பக்கம், இருந்து வெளிச்சம் அப்படியே வந்து விழுது. ஒரு ஆச்சி தாடையைத் தாங்கியில வச்சு உக்காந்தாங்க. வெளிச்சத்துல கண்பாப்பா சுருங்கிப் போச்சு. படத்துல பாதி கருப்பு. மூணு தடவை பளிச் பளிச்சுன்னு அடிச்சு, கண்ணுல தண்ணி வந்திருச்சு. "தம்பி, என் கண்ணு தெரியுதாய்யா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் நர்ஸக்கா ஜமுக்காளத்தை எடுத்து நிலையில கட்டி இருட்டாக்கி, அஞ்சு நிமிஷம் ஆச்சியைச் சும்மா உக்கார வச்சாங்க. நாலாவது படம் சுத்தமா வந்துச்சு.

எங்க முகாம்ல மட்டும் நடக்கிறது இல்ல இது. இதே வேலையைச் செய்யுற கூகிள் மாடல் 1,28,175 படத்துல பழகினது, 2016ல கட்டுரை வந்துச்சு, நம்ம அரவிந்த், சங்கர நேத்ராலயா கண் ஆஸ்பத்திரிப் படங்களும் அந்த ஆராய்ச்சியில உண்டு. அவங்க தாய்லாந்துல 11 கிளினிக்ல வச்சுப் பார்த்ததை 2020ல வெளியிட்டாங்க. 1,838 படத்துல 21 சதவீதத்தை, தரம் போதலைன்னு அதே சிஸ்டம் தள்ளிருச்சு. அங்கயும் நெறைய எடத்துல இருட்டு ரூம் கிடையாது. அதனால, மங்கலான படத்தை எத்தனை கழிச்சீங்க, அப்படிப் படம் வந்தா மாடல் 'திரும்ப எடுங்க'ன்னு சொல்லுமா இல்ல குருட்டாம்போக்குல ஏதாச்சும் சொல்லுமா, இதுக்குப் பதிலை ரெடியா வச்சுக்கங்க. கமிட்டியில யாராவது கண்டிப்பாக் கேப்பாங்க.

மாடலோட உள்ளமைப்பை லேயர் லேயரா வரைஞ்சு பத்து ஸ்லைடு வச்சிருப்பீங்க, ரெண்டு போதும். மாடல் தவறவிட்ட நாலு கண்ணை ஒரே ஸ்லைடுல போடுங்க. செமினாருக்கு முன்னாடியே அதை அந்த டாக்டரம்மாகிட்டக் கொண்டுபோய்க் காட்டி, ஏன் தப்பிச்சதுன்னு கேட்டு எழுதிக்கங்க. இந்த வாரமே போய்ப் பாருங்கம்மா.