எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுத்தில் வேண்டும் என்றதால் எழுதித் தருகிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வேலைக்குச் சேர்ந்த புதிதில் மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்து, இன்று முன் வரிசையில் இருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கூடத்தை வாடகை வாங்காமல் கொடுத்த சத்திரத்து நிர்வாகிகளுக்கும், மூன்று முறை வீடு தேடி வந்து என்னைப் பேசச் சம்மதிக்க வைத்த நூலகர் தம்பிக்கும் நன்றி. குறுவை அறுப்பு நடக்கிற நேரம். களத்து வேலையைப் போட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால் அது எனக்குக் கிடைத்த மரியாதை. சால்வைக்குப் பதில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்று தலைவர் ஐயாவிடம் கேட்டிருந்தேன். அவர் இரண்டையும் செய்துவிட்டார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. 31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ரத்தம், சளி, சிறுநீர், புண்ணிலிருந்து எடுத்த சீழ், இவற்றோடுதான் என் காலம் போனது. அந்த அனுபவத்திலிருந்து இன்று மூன்று செய்தி சொல்லலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். காய்ச்சலும் புண்ணும் ஏன் இப்போதெல்லாம் மருந்துக்குக் கேட்பதில்லை என்பது முதல் செய்தி. கேட்காதபோது டாக்டர்கள் என்ன செய்கிறார்கள் என்பது இரண்டாவது. நம் கோழிப் பண்ணையும் இறால் குட்டையும் இதில் எங்கே வருகின்றன என்பது மூன்றாவது.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று சொல்வோம் இல்லையா? டெல்டாக்காரர்களுக்கு எலியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் வரப்புகளில் கிட்டி வைக்கிறவர்களைப் பாருங்கள். மூங்கிலை வில் மாதிரி வளைத்துச் செய்த அந்தக் கருவிக்கு தஞ்சாவூர் கிட்டி என்றே பெயர். சாயங்காலம் வருவார். முதலில் வரப்பு ஓரமாகக் குனிந்து நடந்து, எந்த வளையில் புது மண் தள்ளியிருக்கிறது, எந்தப் பக்கம் கதிர் அறுந்து கிடக்கிறது என்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் கிட்டியை ஊன்றுவார். வயலுக்கு நெருப்பு வைக்க மாட்டார். சாதாரண சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறோமே, அது நெருப்பு வைக்கிற வேலை. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருகிறது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலிலும் தோலிலும் இருக்கிற பாக்டீரியாக்களில் லேசானதையெல்லாம் கொன்றுவிட்டு, மருந்தைத் தாங்குகிற முரட்டுக் கிருமிக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்துவிடும்.

இதை என் சித்தப்பா கதையாகச் சொன்னால்தான் உங்களுக்கு நன்றாக விளங்கும்.

சித்தப்பா கிராமத்துப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்கு மணியார்டர், யாருக்கு பென்ஷன், யார் வீட்டில் என்ன கஷ்டம், எல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் பித்தளையில் ஒரு வெற்றிலைச் செல்லம் உண்டு. வாயில் புண் வந்து, டாக்டர் வெற்றிலையை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டார். செல்லம் காலியாகக் கிடந்தது. அவர் எதையும் காலியாக விடுகிறவர் இல்லை. வீட்டில் மிச்சமாகும் மாத்திரைகளை அதில் அடுக்க ஆரம்பித்தார். கொட்டைப்பாக்கு இருந்த அறையில் காய்ச்சல் மாத்திரை, சீவல் அறையில் வயிற்றுப்போக்கு மாத்திரை, சுண்ணாம்பு டப்பாவில் பாதியாக உடைத்தவை. தபால் பிரித்த கை அல்லவா, அத்தனை ஒழுங்கு.

அப்புறம் தெருவே அவரிடம் வர ஆரம்பித்தது. "போஸ்ட்மாஸ்டரய்யா, பிள்ளைக்கு இருமல்." ரெண்டு மாத்திரை. "மாமா, காலில் முள் குத்திப் பழுத்திருக்கு." மூணு மாத்திரை. யாரிடமும் காசு வாங்கியது கிடையாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த கேப்ஸ்யூலுக்கு ஊரில் ரொம்ப மதிப்பு. அது தீர்ந்துபோனால் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு ஆள் அனுப்புவார். சீட்டு இல்லாமலே அரை அட்டை வெட்டிக் கொடுப்பார்கள். எதிர் வீட்டுக் கன்றுக்குட்டிக்குக்கூட ஒரு தடவை பொடி செய்து கொடுத்தார்.

2018இல் அவருக்கே சிறுநீர் எரிச்சல் வந்தது. அப்போது வயது 71, ப்ராஸ்டேட் வீக்கமும் இருந்தது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டார். செல்லத்தைத் திறந்து மூன்று நாள் ஏதோ சாப்பிட்டார், எரிச்சல் அடங்கியது. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தது. வேறு கலர் மாத்திரை. அடங்கியது. மறுபடி வந்தது. இப்படி நாலைந்து மாதம் ஓடியது. ஒரு நாள் ராத்திரி குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது. நாலு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிறது என்று சித்தி போனில் அழுதாள். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் கிருமி கலந்திருந்தது, சிறுநீரகம் தடுமாறுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் ஏறியிருந்தது.

அவருடைய சாம்பிள் நான் வேலை பார்த்த லேபுக்கே வந்தது. கிருமி வளர்க்கிற ஊடகத் தட்டில் தேய்த்து 37 டிகிரியில் வைத்தோம். மறுநாள் காலையில் ரோஜா நிறத்தில் பொட்டுப் பொட்டாக வளர்ந்திருந்தது, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. அதை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லைகளை வைப்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர்தான், ஒரு பொட்டு அளவு. மருந்துக்குக் கிருமி கேட்டால் வில்லையைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் விழும். கேட்காவிட்டால் வில்லையின் ஓரம் வரை கிருமி மண்டியிருக்கும். இரண்டு தட்டு, 12 வில்லை. அடுத்த நாள் காலை அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். செல்லத்தில் இருந்த மருந்துகள் எல்லாவற்றின் வில்லையும் மூழ்கிக் கிடந்தன. மூன்றில்தான் வளையம் இருந்தது. முப்பது வருஷத்தில் எத்தனையோ தட்டு பார்த்தவள், அன்று என் கை நடுங்கியது.

அந்த மூன்றில் எதைக் கொடுப்பது? டாக்டர் எனக்கு விளக்கினார். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையோடு நின்றுவிடும், ரத்தத்தில் பரவிய கிருமிக்குப் போதாது. அமிகாசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, அவருடைய சிறுநீரகம் ஏற்கெனவே தடுமாறுகிறது. மிச்சம் மெரோபெனம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, நரம்பு வழியாக, பத்து நாள். பிழைத்து எழுந்தார். டிஸ்சார்ஜ் அன்று சித்தி அந்தச் செல்லத்தைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தாள். சித்தப்பா என்னைப் பார்த்து, "பாப்பா, நான் எல்லாருக்கும் நல்லதுன்னு நினைச்சுத்தானே கொடுத்தேன்?" என்று கேட்டார். ஆமாம் சித்தப்பா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் மனசு நல்ல மனசு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவர்கள் எல்லோரும் கெட்டவர்களா என்ன?

பெனிசிலினை 1928இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையில் இதே கதையைத்தான் எச்சரிக்கையாகச் சொன்னார். ஒருவர் தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, மருந்தைச் சமாளிக்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. இப்போது பெனிசிலின் வேலை செய்யவில்லை. மனைவி இறந்துபோகிறாள். அந்த மருந்து எல்லார் கைக்கும் வந்து சேருவதற்கு முன்பே அவர் இதைச் சொல்லிவிட்டார்.

கிருமி எப்படிப் பழகுகிறது? ஈ.கோலைக்கு வசதி கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒன்று இரண்டாகும். பத்து மணி நேரத்தில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். அத்தனையில் ஒன்றிரண்டு மாறிப் பிறக்காமல் இருக்குமா? சில கிருமி மருந்தை வெட்டுகிற நொதியைச் சுரக்கும். சில, வயலில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பது போல உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும். சில, மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தையே மாற்றிக்கொள்ளும். அதோடு நிற்பதில்லை. பக்கத்து வயல்காரருக்கு விதைநெல் கொடுப்பது போல, அந்த வித்தையைப் பக்கத்தில் இருக்கிற வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுத்துவிடும். 2019இல் மட்டும் மருந்துக்குக் கேட்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகத்தில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது செய்தி, சிகிச்சை. தோல் புண், எலும்பு, ரத்தம் என்று புகுந்து ஆட்டுகிற எம்.ஆர்.எஸ்.ஏ என்ற கிருமிக்கு வான்கோமைசின், லினிசோலிட் போன்றவை இருக்கின்றன. என் சித்தப்பாவுக்கு வந்த மாதிரியான முற்றிய தொற்றுக்கு மெரோபெனம். அதற்கும் கேட்காத கிருமிக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த கோலிஸ்டினையே தூசி தட்டி எடுத்தார்கள். இப்போது செஃப்டாசிடிம்-அவிபாக்டம் இருக்கிறது. மெரோபெனத்தையே வெட்டுகிற, நம் நாட்டில் அதிகம் காணப்படும் என்.டி.எம் நொதி உள்ள கிருமி என்றால் அதோடு அஸ்ட்ரியோனமும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். சென்னையில் ஆர்க்கிட் நிறுவனத்தில் உருவான என்மெட்டாசோபாக்டம் என்ற மருந்து, செஃபிபிமோடு சேர்த்து 2024இல் அமெரிக்க அனுமதி வாங்கியிருக்கிறது. கை தட்டுங்கள், தட்ட வேண்டிய விஷயம். ஆனால் எந்த மருந்தானாலும், எந்தக் கிருமி, எதற்குக் கேட்கும் என்று தெரியாமல் கொடுத்தால் அதுவும் செல்லத்து மாத்திரைதான்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம் வட்ட மருத்துவமனையில் ஒரு கல்ச்சர் லேப், அதாவது சாம்பிளில் இருக்கிற கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கிற லேப், வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உண்மை. ஆனால் சிறுநீர் சாம்பிளைச் சாதாரணமாக வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குளிர்ப்பெட்டியில் வைத்தால்தான் 24 மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில், கேரிபையில் போட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற சாம்பிளில் நோய்க்கிருமியும் வளரும், வெளியிலிருந்து ஒட்டிய கிருமியும் வளரும். அந்த ரிசல்ட்டை நம்பி யாருக்கு என்ன மருந்து கொடுப்பது? அதற்குப் பயந்துதான் பல டாக்டர்கள் எல்லாக் கிருமிக்கும் பொதுவாக ஒரு பெரிய மருந்தை எழுதிவிடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வளை எங்கே என்று காட்டாமல் கிட்டி வை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

நாம் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. கிருமி வளர்க்க ஒரு இன்குபேட்டர், நீராவியில் கிருமி நீக்க ஒரு ஆட்டோகிளேவ், கிருமி வெளியே பரவாமல் வேலை செய்ய ஒரு பாதுகாப்புப் பெட்டி, பயிற்சி பெற்ற டெக்னீஷியன், ரிசல்ட்டைச் சரிபார்க்க ஒரு மைக்ரோபயாலஜி டாக்டர். இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சாவூரில் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை வைத்து, கண் நோயாளிகளுக்குப் படம் வரைந்து குறிப்பெழுத ஏற்பாடு செய்தார். அந்த ஏடுகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. 200 வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில் நோயைப் பார்த்து எழுதி வைத்துத்தான் வைத்தியம் செய்தார்கள். இன்று பார்க்காமலே மருந்து கொடுக்கிறோம். பக்கத்துக் கேரளம் 2018இலேயே மருந்துக்குக் கேட்காத கிருமிகளைச் சமாளிக்கவென்று மாநிலத் திட்டம் போட்டுவிட்டது.

லேப் வரும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். மாத்திரை அட்டையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அதைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். 2014இலிருந்து பல பெரிய ஆன்டிபயாட்டிக்குகளை எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்து, யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுத வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் சாப்பிடுங்கள். மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். கோழி, இறால் பற்றி ஒரு வரி மட்டும். அவற்றுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக்குக்கும் கிருமி இப்படித்தான் பழகிக்கொள்கிறது. கால்நடைக்கும் மீனுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதை 2019இல் தடை செய்துவிட்டார்கள். இறாலுக்குக் குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் கூடாது. வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் குட்டைக்காரர்கள் என்னைத் தனியாகப் பாருங்கள், விவரமாகப் பேசுவோம்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இந்த லேபுக்காக மனு கொடுக்கப் போகிறோம். நூலக வாசலில் காலை ஏழரைக்கு வேன் நிற்கும். பேரூராட்சித் தலைவர் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு இந்த ஊர் சார்பில் நன்றி. கையெழுத்து நோட்டு வெளியே மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்து என் சித்தப்பாவுடையது. 78 வயது, கை நடுங்கும், எழுத்து கொஞ்சம் கோணியிருக்கும். அதற்குக் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்.